8 கோர் வரம்பு: 2009இல் ஏன் வந்தது, 2010இல் ஏன் போனது?

சிப்பாய்64 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகப் பொழுதுபோக்காக ஒரு செஸ் எஞ்சின், அதாவது தானே செஸ் ஆடும் புரோகிராம், எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் போலவே எழுதும் நண்பர்கள் மூன்று பேர் உண்டு. நால்வருக்குள்ளும் ஒரு போட்டி வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தோம். ஒரு காய் நகர்வதற்கு முன்னாலேயே சண்டை வந்துவிட்டது.

ஒருவனிடம் 16 கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) டெஸ்க்டாப். என்னிடம் நாலு கோர் லேப்டாப், அதுவும் பேட்டரி உப்பிப்போய் சரியாக மூடாதது. மூன்றாமவன் "கிளவுடில் ஒரு பெரிய மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், காசு என்னுடையதுதானே" என்கிறான். நாலாவது ஆள், எல்லாவற்றையும் ஒரே மெஷினில் ஓட்டினால்தான் வருவேன் என்று முறைத்துக்கொண்டிருக்கிறான்.

சரி, கம்ப்யூட்டர் செஸ் உலகப் போட்டியில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பழைய முடிவுகளைத் தேடினேன். குழப்பம்தான் கூடியது. 2008 பெய்ஜிங்கில் ரிப்கா என்ற எஞ்சின் 40 கோர் கிளஸ்டரில் (பல மெஷின்களை இணைத்த தொகுப்பில்) ஆடி ஜெயிக்கிறது. 2009 பாம்ப்லோனாவில் யாரும் 8 கோருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று விதி. 2010 கனசாவாவில் அந்த விதியைக் காணோம். ஒரே வருடத்தில் ஏன் கொண்டுவந்தார்கள், ஏன் எடுத்தார்கள்? 8 என்ற எண் எங்கிருந்து வந்தது? அப்போதிருந்து கவனித்துவருபவர்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கோட்டைக்காரர் எழுதியது:

தம்பி, நான் புரோகிராமர் இல்லை. ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். 1998இல் வாங்கிய பென்டியம் 2இல் ராத்திரி முழுக்க எஞ்சின்களை மோதவிட்டு, காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே போய் ஸ்கோர் பார்ப்பேன். வீட்டில் அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை. அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று வருடத்தை மட்டும் பார்க்காதே. ஹார்டுவேர் சண்டை இந்தப் போட்டியோடு கூடவே பிறந்தது. 1974இல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகப் போட்டி; சோவியத்தின் கைஸ்ஸா ஜெயித்தது. 1977இல் டொரன்டோவில் செஸ் 4.6, கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் பெரிய மெஷினில். 1980இல் லின்ஸில் பெல். இந்த பெல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். யூனிக்ஸ் எழுதிய கென் தாம்சனும் ஜோ காண்டனும் சேர்ந்து செஸ்ஸுக்கென்றே சுற்றுகளைக் கட்டிச் செய்த பெட்டி அது. நொடிக்கு ஒன்றரை லட்சம் நிலைகளுக்கு மேல் பார்க்கும். 1982இல் மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப் போனபோது, உயர் தொழில்நுட்ப ஏற்றுமதி என்று சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் பிடித்து வைத்துக்கொண்டது. விமானத்திலிருந்து யார் தலையிலாவது தூக்கிப் போட்டால்தான் இது ஆயுதமாகும் என்று தாம்சன் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? பெல்லில் எது புரோகிராம், எது ஹார்டுவேர்? பிரிக்கவே முடியாது. காய் நகர்த்தலைக் கண்டுபிடிக்கும் வேலையையே கம்பியும் சில்லும் செய்கின்றன. "எல்லோரும் ஒரே மெஷினில் ஆடுங்கள்" என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால், தாம்சனை வீட்டுக்குப் போகச் சொன்னதாகத்தான் அர்த்தம். அதனால் அந்த நாளில் விதி ரொம்ப எளிமை: எதைக் கொண்டுவர முடியுமோ கொண்டுவா, கொண்டுவர முடியாவிட்டால் தொலைபேசி வழியாக இணைத்துக்கொள். 1983இலும் 1986இலும் ஜெயித்த க்ரே பிளிட்ஸ், பெயரிலேயே சூப்பர் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருந்தது.

சின்ன மெஷின்காரர்களுக்கு 1980 முதலே தனியாக ஒரு நுண்கணினி உலகப் போட்டி நடந்தது. இரண்டு பந்தல், இரண்டு பட்டம். அதனால் பெரிதாகப் புகைச்சல் இல்லை. அப்புறம் இரண்டு விஷயம் நடந்தது. 1992 மாட்ரிட்டில், கம்ப்யூட்டருக்குள் சொருகும் ஓர் அட்டையில் ஓடிய எட் ஷ்ரோடரின் செஸ்மெஷின் உலகப் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனது. 1995 ஹாங்காங்கில் ஃப்ரிட்ஸ், 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில், ஐபிஎம்மின் செஸ் சூப்பர் கம்ப்யூட்டர் டீப் புளூவின் முன்மாதிரியைத் தோற்கடித்தது. அந்த ஆட்டத்துக்கு நடுவில் அமெரிக்காவிலிருந்த மெஷினோடு தொடர்பு அறுந்துபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

வீட்டு கம்ப்யூட்டரே ஜெயிக்க ஆரம்பித்த பிறகு இரண்டு பந்தல் எதற்கு? 2001 மாஸ்ட்ரிக்டோடு நுண்கணினிப் பட்டத்தை முடித்துவிட்டு, 2002 முதல் ஒரே உலகப் போட்டி, வருடா வருடம் என்று ஆக்கினார்கள். உன் கேள்விக்கான விதை விழுந்தது அங்கேதான். அன்றைக்கு எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெட்டி. நாளைக்கு மறுபடியும் ஏற்றத்தாழ்வு வரும் என்று யாரும் பெரிதாக நினைத்த மாதிரித் தெரியவில்லை.

வந்தது. ஒரு சிப்பில் இரண்டு கோர், நாலு கோர் என்று ஏறியது. வாசிக் ராய்லிச்சின் ரிப்கா ஏற்கெனவே மற்றவர்களைவிட ஒரு படி மேலே நின்றது; 2008இல் அது 40 கோர் கிளஸ்டரோடும் வந்தது. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவனுக்கே சைக்கிளும் கொடுத்தால் எப்படியிருக்கும்? பக்கத்து மேஜையில் நாலு கோரோடு உட்கார்ந்திருப்பவன் முணுமுணுக்கத்தானே செய்வான்.

பெய்ஜிங்குக்கும் பாம்ப்லோனாவுக்கும் நடுவில், உலகப் போட்டியை நடத்தும் அமைப்பான ஐசிஜிஏ 8 கோர் வரம்பைக் கொண்டுவந்தது. ஏன் 8? என் கணக்கு இது: சிப்பு சொருக இரண்டு சாக்கெட் உள்ள போர்டு, அதில் நாலு கோர் சிப்பு இரண்டு. ஒரு தனி ஆள் கடையில் போய் வாங்கக்கூடிய பெரிய பெட்டி அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் பல்கலைக்கழகமோ பணக்கார நண்பரோ வேண்டும்.

காகிதத்தில் அழகான விதி. எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், கோரை எண்ணினார்கள், வேகத்தை எண்ணவில்லை. 2009 மார்ச்சில்தான் இன்டெல் புது ஜியான் 5500 சிப்பு வரிசையை இறக்கியது. போட்டி மே மாதம். புதுச் சிப்பு எட்டும் பழைய சிப்பு எட்டும் ஒன்றா? கடிகாரத்தை முடுக்கிவிட்டு, தண்ணீர் வைத்துக் குளிரவைத்து ஓட்டுகிறவனுடைய எட்டு இன்னும் வேறு. எட்டு என்று எழுதிய உடனேயே காசு வேறு வழியாக உள்ளே வந்துவிடும். பந்தியில் ஆளுக்கு எட்டு இட்லி என்று சொல்லிவிட்டு, இட்லியின் அளவைச் சொல்லாமல் விட்ட கதை.

ஆனாலும் என் பெரிய குறை இது இல்லை. விதி வந்த நேரம்தான் குறை. ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து, பல மெஷின்களைச் சேர்த்து ஒரே தேடலாக ஓட வைக்கிற கோட் எழுதியிருக்கிறார். அதற்குத் தடையே இல்லாத ஒரு போட்டியில் ஜெயித்தும் காட்டிவிட்டார். அடுத்த போட்டிக்குள் "இனி அது கூடாது" என்றால், அதை யாரும் பொது விதியாகப் பார்க்கமாட்டார்கள், அந்த ஆளுக்காகப் போட்ட விதியாகத்தான் பார்ப்பார்கள். ஐசிஜிஏ அப்படி நினைத்ததா என்று நான் நெஞ்சைத் திறந்து பார்க்கவில்லை. வெளியிலிருந்து படித்தவர்கள் பலர் அப்படித்தான் படித்தார்கள். மூன்று வருடம் தள்ளி, "2012 முதல் 8 கோர்" என்று அறிவித்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

கூத்து என்னவென்றால், 8 கோரிலும் பாம்ப்லோனாவில் ரிப்காதான் முதலில் வந்தது. அதாவது கிளஸ்டரைப் பிடுங்கினாலும் வரிசை மாறவில்லை. அப்புறம் 2011இல் ஃப்ரூட் எஞ்சினின் கோடை எடுத்துப் பயன்படுத்தியதாகச் சொல்லி, 2007 முதல் 2010 வரையிலான ரிப்காவின் பட்டங்களை ஐசிஜிஏ பறித்தது. 2009 பட்டம் ஜூனியர், ஷ்ரெடர், டீப் ஸ்ஜெங் என்ற மூன்று எஞ்சின்களுக்குப் பிரிந்தது. இத்தனை நாள் பெட்டிக்குள் எத்தனை கோர் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள், வெடித்தது கோடில். அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று இங்கே யாரும் ஆரம்பிக்கவேண்டாம், அதற்கு இந்த இழை தாங்காது.

2010இல் என்ன செய்தார்கள்? வரம்பை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு பட்டம் வைத்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஹார்டுவேரில் ஆடும் மென்பொருள் உலகப் போட்டி. கனசாவாவில் நடந்த அந்த முதல் போட்டியை ஷ்ரெடர் ஜெயித்தது. 1980இல் இருந்த இரண்டு பந்தலுக்கு, முப்பது வருடம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இரவுக்குதிரை எழுதியது:

கோட்டைக்காரர் ஐயா சொன்ன வரலாற்றோடு எனக்குச் சண்டை இல்லை. "விதியில் குறை இல்லை, வந்த நேரத்தில்தான் குறை" என்கிற மாதிரி முடிக்கிறீர்களே, அங்கேதான் உடன்பாடில்லை. விதியே தவறு.

நான் வேலையில் பேரலல் கோட், அதாவது ஒரே வேலையைப் பல பிராசசர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கோட், எழுதுகிறவன். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "40 கோர்" என்றால் ஐந்து மடங்கு காசு என்று நினைக்கிறார்கள். ஐந்து மடங்கு தலைவலி என்பதே சரி. எஞ்சின்கள் நல்ல நகர்த்தலைத் தேடும் ஆல்ஃபா-பீட்டா முறை இயல்பிலேயே வரிசையாகப் போகிற ஒன்று. முதல் நகர்த்தலைப் பார்த்து முடித்தால்தான், மற்றவற்றில் எதை வெட்டலாம் என்று தெரியும். பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், பாதிப் பேர் வெட்டியெறியவேண்டிய கிளையில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே பெட்டிக்குள் என்றால், ஏற்கெனவே பார்த்த நிலைகளைக் குறித்துவைக்கும் ஹாஷ் டேபிளையாவது எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். தனித்தனிப் பெட்டிகள் என்றால் நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கவேண்டும். பதில் வருவதற்குள் ஆயிரக்கணக்கான நிலைகளைத் தானே பார்த்து முடித்திருக்கலாம். இதைச் சமாளிப்பது கடையில் கிடைக்கிற பொருள் இல்லை.

ஹாங்காங் 1995ஐச் சொன்னீர்கள். அதே போட்டியில் எம்ஐடிகாரர்களின் ஸ்டார்சாக்ரடீஸ், 1824 பிராசசர் கொண்ட இன்டெல் பாராகானில் ஓடியது. கடைசியில் ஃப்ரிட்ஸோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, முடிவு ஆட்டத்தில் தோற்றது. 1824க்கு எதிராக ஒன்று, ஒன்று ஜெயித்தது! ஹார்டுவேர் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால் இது எப்படி நடந்தது? அதே சமயம் அந்தத் தோல்வி வீணும் இல்லை. சில்க் என்கிற பேரலல் மொழியை அந்தக் குழு இந்த மாதிரி செஸ் புரோகிராம்களில் போட்டுத்தான் புடம்போட்டது. வேலை இல்லாத பிராசசர் பக்கத்துப் பிராசசரின் வேலையைத் திருடிக்கொள்ளும் அந்த உத்தியை இன்றைக்கு நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். 1995இல் யாராவது "8 பிராசசருக்கு மேல் கூடாது" என்றிருந்தால், அதைச் சோதித்துப் பார்க்க இந்தக் களம் கிடைத்திருக்காது.

ஜெர்மனியில் பாடர்போர்ன் பல்கலைக்கழகத்தின் பி.கானர்ஸ், 2000இல் லிப்ஸ்டாட்டில் மனித கிராண்ட்மாஸ்டர்களோடு ஒரு போட்டியில் ஆடி முதலிடம் வந்ததும் கிளஸ்டரில்தான். 2015 லைடனில் ஜானி 2400 கோரில் ஆடி உலகப் பட்டம் வாங்கியது. இவர்கள் எல்லாம் ஒரு துறை ஆய்வைச் செய்கிறார்கள். உலகப் போட்டி என்றால், கம்ப்யூட்டர் இன்றைக்கு ஆடக்கூடிய மிகச் சிறந்த செஸ்ஸைக் காட்டவேண்டும். "வசதி இல்லாதவர்களால் முடியாது" என்றால் வசதி இல்லாதவர்களுக்குத் தனிப் போட்டி வையுங்கள், மற்றவர்கள் காலை உடைக்காதீர்கள்.

கோட்டைக்காரர் எழுதியது:

குதிரை பாய்ந்து வந்துவிட்டது. சரி, பாதியை ஒப்புக்கொள்கிறேன். பேரலல் தேடலும் மென்பொருள் வேலைதான் என்பதை நான் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

மீதிப் பாதிக்கு என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பென்டியம் 2 நாளில் எஞ்சின்களை மோதவிடும் வின்போர்டு என்ற புரோகிராமில் கிராஃப்டி, க்னூ செஸ் என்ற இரண்டு எஞ்சின்களை நூறு ஆட்டம் மோதவிட்டு, முடிவை ஒரு மடல் குழுவில் பெருமையாகப் போட்டேன். ஒரே பெட்டி, ஒரே ரேம், இதைவிடச் சமம் உண்டா என்று மார்தட்டினேன். ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "பாண்டரிங் ஆனில் இருந்ததா?" இருந்தது. அதாவது ஒரு எஞ்சினின் முறை வரும்போது, மற்றது சும்மா இருக்காமல் எதிராளி நேரத்திலும் யோசித்துக்கொண்டிருக்கிறது. இருப்பது ஒரே பிராசசர். ஒன்று யோசிக்க வேண்டிய நேரத்தை இன்னொன்று தின்கிறது. எது அதிகம் தின்றது என்று யாருக்குத் தெரியும்? நூறு ஆட்டமும் குப்பை. ஒரு வாரம் அந்தக் குழுவின் பக்கமே போகவில்லை.

அதற்கப்புறமும் பாடம் முடியவில்லை. பல வருடம் கழித்து வேறொரு கம்ப்யூட்டர், பாண்டரிங் ஆஃப், எல்லாம் சரி. அந்த ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டிய போட்டிகளில் பகல் ஆட்டங்களின் ஆழம் (எஞ்சின் எத்தனை நகர்த்தல் முன்னால் பார்க்கிறது என்பது) ராத்திரி ஆட்டங்களைவிட ஒன்றிரண்டு குறைவாகவே வந்தது. கேபினெட்டைத் திறந்து பார்த்தால் விசிறியில் பஞ்சு மாதிரித் தூசி. சூடு ஏறினால் சிப்பு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. என் வீட்டு மேற்குச் சுவரும் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டக்காரர். வேலையில் இருபது வருடம் மற்றவர்கள் பெட்டித் தூசியைத் துடைத்தவன், சொந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

ஆகவே ஹார்டுவேர் சமம் என்கிற சொல்லையே நான் நம்புவதில்லை. ஒரே பெட்டியில்கூட அது கிடைக்காது. கிடைப்பதெல்லாம், எல்லோரும் முன்கூட்டியே தெரிந்துகொண்ட ஏற்றத்தாழ்வு. அதனால்தான் நேரத்தைப் பற்றி அவ்வளவு பேசினேன். நீங்கள் சொல்லும் 1824 பிராசசர்காரர்களுக்கும், நாலு கோர்காரர்களுக்கும், என்ன விதி என்பது இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே தெரிந்திருந்தால் போதும். எந்த விதியாக இருந்தாலும் நான் வாயை மூடிக்கொள்வேன். (வீட்டில் நம்பமாட்டார்கள்.)

சிப்பாய்64 எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி குதிரை அண்ணா. எங்கள் நால்வருக்குள் ஒருவன் நியூரல் நெட்வொர்க் போட்டு எழுதுகிறான். அவனுக்கு ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்பு) வேண்டும். மற்ற மூவரிடமும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஜிபியு கிடையாது. "ஒரே மெஷின்" என்று விதி போட்டால், அந்த மெஷினில் ஜிபியு இருக்கவேண்டுமா, கூடாதா? இருந்தால் மூன்று பேருக்கு அது வெறும் இரும்பு. இல்லாவிட்டால் அவன் எஞ்சின் நொண்டும். இதற்கு உலகம் என்ன செய்தது?

கோட்டைக்காரர் எழுதியது:

தம்பி, இதற்குத்தான் காத்திருந்தேன்.

2017 டிசம்பரில், கூகுளின் டீப்மைண்ட் செய்த நியூரல் நெட்வொர்க் எஞ்சின் ஆல்ஃபாசீரோ வந்தது. சிபியுவில் ஓடும் முன்னணி எஞ்சினான ஸ்டாக்ஃபிஷோடு நூறு ஆட்டம்: 28 வெற்றி, 72 சமன், தோல்வியே இல்லை. உலகம் வாயைப் பிளந்தது, எஞ்சின்காரர்கள் அட்டவணையைப் படித்தார்கள். ஆல்ஃபாசீரோவுக்கு கூகுளின் சொந்தச் சிப்பு டிபியு நாலு. ஸ்டாக்ஃபிஷுக்கு 64 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தேடல்கள்), ஆனால் ஹாஷ் வெறும் 1 ஜிபி. 64 பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரே ஒரு பீரோ. கூடவே, ஒரு நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிவைத்து, எங்கே அதிகம் யோசிக்கவேண்டும் என்று தானே முடிவு செய்யும் திறமையையும் பறித்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து சயன்ஸ் இதழில் ஆயிரம் ஆட்டத்தோடு திரும்ப வந்தார்கள். இந்தத் தடவை ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹாஷ். ஆல்ஃபாசீரோவுக்கு 155 வெற்றி, 6 தோல்வி, மீதி சமன். முதல் தடவையே இப்படிச் செய்திருந்தால் அத்தனை பேச்சு வந்திருக்காது.

ஆனால் நாலு டிபியு எத்தனை கோருக்குச் சமம்? இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. விலையை வைத்துப் பார்ப்பதா, குடிக்கும் மின்சாரத்தை வைத்தா? ஆல்ஃபாசீரோ நொடிக்கு எண்பதாயிரம் நிலை பார்த்தது, ஸ்டாக்ஃபிஷ் ஏழு கோடி. வகுத்தால் 875. ஆல்ஃபாசீரோ வழியில் ஆர்வலர்கள் எழுதிய லீலா எஞ்சினை வைத்துச் சோதனை செய்கிறவர்கள் இதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, "லீலா விகிதம்" என்று பெயரும் வைத்தார்கள். உன் பெட்டியில் ஸ்டாக்ஃபிஷ் பார்ப்பதில் 875இல் ஒரு பங்கு லீலா பார்த்தால் விகிதம் ஒன்று, அது நியாயமான ஆட்டம் என்று கணக்கு. யோசித்துப் பார்: ஒரு ஆய்வுக் கட்டுரையில் தற்செயலாக அமைந்த ஓர் எண், நியாயத்துக்குப் படிக்கல்லாகிவிட்டது! அதற்கும் சண்டை போட்டார்கள். நானும் போட்டேன்.

இப்போது டிசிஇசி என்ற எஞ்சின் போட்டிக்கு வா. மார்ட்டின் தோரெசன் 2010இல் ஆரம்பித்த போட்டி. எல்லா எஞ்சினும் போட்டி நடத்துகிறவர்களின் ஒரே மெஷினில். உங்கள் நாலாவது நண்பருக்குப் பிடித்த முறை. எட்டு வருடம் ஹார்டுவேர் சண்டையே இல்லாத இடமாகத்தான் அது எனக்குத் தெரிந்தது. 2018 ஏப்ரலில், 12ஆம் சீசனில் லீலா கடைசிப் பிரிவில் வந்து ஆடியது. மெஷினில் ஜிபியு இல்லை. நியூரல் நெட்வொர்க்கை வெறும் சிபியுவில் ஓட்டினால் எப்படியிருக்கும்? 28 ஆட்டத்தில் ஒரே வெற்றி, இரண்டு சமன், மீதி 25 தோல்வி. அந்த ஒரு வெற்றியும் எதிராளி எஞ்சின் செயலிழந்து விழுந்ததால் வந்தது. அடுத்த சீசனுக்கு ஜிபியு வைத்தார்கள். அதே கடைசிப் பிரிவை லீலா 14 வெற்றி, 2 தோல்வியோடு ஜெயித்தது. நடுவில் லீலா படித்துத் தேறியதும் உண்மை, ஆனால் ஜிபியுவின் பங்கை யாரும் மறுக்கமுடியாது.

அந்த முடிவைத்தான் நான் இன்றைக்கும் பாராட்டுவேன். "ஒரே மெஷின்" என்று எட்டு வருடம் சொன்னவர்கள், ஒரு வகை எஞ்சினுக்கு அந்த மெஷின் நாற்காலியே போடவில்லை என்று புரிந்துகொண்டு, நாற்காலி போட்டார்கள். அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. எத்தனை கோருக்கு எத்தனை ஜிபியு என்று ஒவ்வொரு முறை மெஷின் மாறும்போதும் விகிதக் கணக்கு போட்டுக் காட்டிச் சண்டை. 2019 தொடக்கத்தில் 14ஆம் சீசன் இறுதி ஆட்டம் ஸ்டாக்ஃபிஷ் 50.5, லீலா 49.5. நூறு ஆட்டம் ஆடி ஒரு புள்ளி வித்தியாசம்! ஒரு ஜிபியு கூட இருந்திருந்தால், நாலு கோர் குறைவாக இருந்திருந்தால் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அடுத்த சீசனில் லீலா 53.5க்கு 46.5 என்று ஜெயித்ததும் அதே பேச்சு, கட்சி மட்டும் மாறியிருந்தது.

இந்தச் சண்டை எப்படி ஓய்ந்தது தெரியுமா? விதியால் இல்லை. ஜப்பானிய செஸ்ஸான ஷோகிக்காக யூ நாசு என்கிற ஜப்பானியர் 2018இல் கண்டுபிடித்த சின்ன நெட்வொர்க் முறை, சிபியுவிலேயே வேகமாக ஓடக்கூடியது. 2020 ஆகஸ்டில் அதை ஸ்டாக்ஃபிஷுக்குள் சேர்த்தார்கள். ஜிபியு இல்லாமலேயே நியூரல் நெட்வொர்க். விகிதம் பேசிக்கொண்டிருந்த எங்கள் எல்லோருடைய வாயும் அடைத்துப்போய்விட்டது.

உங்கள் நண்பருக்கு அந்த வழி ஒத்துவருமா என்று கேட்டுப் பார். ஒத்துவராவிட்டால் அவர் ஜிபியுவை அவரே கொண்டுவரட்டும்.

கரிச்சான்மாடு எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எனக்கு செஸ் அரைகுறைதான். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் ஓட்டுவோம். தூரமும் வேறு, பரிசும் வேறு. பூஞ்சிட்டு வைத்திருப்பவன் பெரிய மாட்டைப் பார்த்து "அது ஓடக் கூடாது" என்று சொல்லமாட்டான். ஆனால் பந்தயக் காலையில் ஒரு சண்டை தவறாமல் வரும்: இந்த மாடு சின்ன மாடா, கரிச்சானா? பல்லைப் பார், உயரத்தை அள என்று. ஐயா சொன்ன கோரை எண்ணுகிற கதை அதுதானே?

இரவுக்குதிரை எழுதியது:

அதேதான் நண்பரே. "கோர்" என்பதையும் இனிமேல் பல்லைப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். ஒரே சிப்பில் வேகமான கோர் பாதி, மின்சாரம் மிச்சப்படுத்தும் மெதுவான கோர் பாதி என்று விற்கிறார்கள். ஒரு கோரை இரண்டு திரெட்டாகக் காட்டுகிற வித்தை அதற்கு முன்பிருந்தே உண்டு. சிப்பாய் தம்பி, உன் நண்பனின் 16 கோரில் எத்தனை வேகமானவை என்று முதலில் விசாரி.

ஐயா, முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். கிளஸ்டர் விஷயத்தில் வரமாட்டேன்.

சிப்பாய்64 எழுதியது:

நேற்று ராத்திரி நால்வரும் உட்கார்ந்து பேசினோம். இழையை அவர்களுக்கும் படித்துக் காட்டினேன். இட்லி உதாரணத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் உண்மையாகவே இட்லி சாப்பிடப் போய்விட்டோம். கடைசியில் முடிவு செய்தது இது:

முதல் போட்டி என் லேப்டாப்பில், ஒரே கோர், பாண்டரிங் ஆஃப், ஜிபியு கிடையாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்துவைத்து, ஃபேனுக்கு நேராக. நெட்வொர்க் நண்பன் முதலில் முறுக்கினான். சிபியுவில் ஓடுகிற சின்ன நெட்வொர்க்கை முயன்று பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டான், அதற்கு இரண்டு மாதம் கேட்டான். கொடுத்துவிட்டோம். இரண்டாவது போட்டி அவரவர் மெஷினில், கிளவுடும் சேர்த்து. ஒரே நிபந்தனை: எந்த மெஷின் என்பதை ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுக்கவேண்டும், அதற்கப்புறம் மாற்றக் கூடாது. 16 கோர்காரன் உடனே எழுதிக் கொடுத்துவிட்டான். எட்டு வேகமானது, எட்டு மெதுவானது.

கிளவுடு நண்பன் மட்டும் இன்னும் எழுதித் தரவில்லை. விலை பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

கோட்டைக்காரர் எழுதியது:

லேப்டாப்புக்குள் தூசி தட்டினாயா?